தேவனூர் நாட்டிற்கு ஒரு மோட்டார் யாத்திரை

நாமக்கல்லில் குடியிருப்போருக்குக் கொல்லிமலை புதிய இடமன்று. மழை பெய்து ஓய்ந்த காலை வேளையில் மாடியில் நின்று வடகிழக்கே நோக்கினால், யாரோ நீல மையைக் கொட்டியது போல் மலைத் தொடர் கண்ணெதிரே நிற்கும். ஆயினும் நம் அன்னையார் அறுபத்தெட்டு வயது வரையில் அம்மலையைக் கீழிருந்தே தரிசித்து வந்தார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒரு முறை பஸ்ஸில் ஏறத் துணிந்து, பதினெட்டாவது வளைவில் தலை சுற்றல் தாளாமல் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பியவர் அவர். அறப்பளீசுர சதகத்தை இளமையிலேயே மனனம் செய்தவர். அந்த அறப்பளீசுவரர் கோயில் கொண்டிருக்கும் மலையை, வல்வில் ஓரி ஆண்ட மலையைப் பாராமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. இதை அவர் வாய்விட்டுச் சொல்வது வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆனாலும் சொல்லும் நாளில் நமக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இந்தக் காரணத்தாலும், விடுமுறையில் குழந்தைகளை நாலு இடம் அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்ற ஆசையாலும், நாம் ஒரு வண்டி வாங்கினோம். முன்னால் ஐவர் அமரும் அறையும், பின்னால் திறந்த தொட்டியும், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தும் ஏற்பாடும் உடைய வண்டி அது. ஆஸ்திரேலியாவில் இவ்வகை வண்டிக்கு 'யூட்' என்று பெயர். அங்கே 1932-ஆம் வருஷத்தில் ஒரு குடியானவரின் மனைவி போர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டியாகச் செய்து தரக்கூடாதா என்று கேட்டாராம். லூயிஸ் பாண்ட் என்ற இளைஞர் அதற்கு உருவம் வரைந்தார். 1934-இல் வண்டி வெளிவந்தது. நம் தேசத்திலோ 1947-இல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது முதல், மலை நாடுகளில் ஜீப் ஒன்றே எல்லாமாக இருந்தது. 2016-இல் ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் இசுசு கம்பெனியார் ஐவர் அமரும் தொட்டி வண்டியைச் செய்து, சொந்த உபயோகத்துக்கென்றே விற்க முன்வந்தனர். நாம் வாங்கியது வேறொருவர் கையில் ஆறு வருஷம் உழைத்த பழைய வண்டி. அதன் பெயர் இங்கே முக்கியமன்று. வாங்க எண்ணுவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இவ்வகையில் பல வண்டிகள் சரக்கு வண்டியாகவே பதிவாகியிருக்கும். பதிவுப் புத்தகத்தில் என்ன வகை என்று எழுதியிருக்கிறதென்று பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

வண்டி வாங்கிய அன்றிலிருந்து நம்மை ஒரு பித்துப் பிடித்தது. பின்னால் காலியாகக் கிடக்கும் தொட்டியைப் பார்க்குந்தோறும் அதில் எதையாவது வைக்க வேண்டும் என்று கை துடித்தது. நாமக்கல்லோ லாரி கட்டும் ஊர். வெறும் சட்டமும் எஞ்சினுமாக வரும் லாரிகளுக்கு உடல் கட்டிக் கொடுக்கும் பட்டறைகள் எத்தனையோ! பக்கத்துத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் யந்திரங்களை லாரியின் மேல் பூட்டித் தேசமெங்கும் அனுப்புகிறார்கள். இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்கு நடுவே வசிப்பவனுக்குப் புத்தி எப்படிப் போகும்? தொட்டியின் மேல் இரும்புக் கூண்டு ஒன்று செய்வித்தோம். கூண்டின் மேல் தட்டு அமைத்து, ஏணி வைத்து ஏறிப் படுக்கும் கூரைக் கூடாரத்தை அதில் பூட்டினோம். நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பாட்டரி, அந்தப் பாட்டரியில் ஓடும் சிறு குளிர்பெட்டி, அடுப்பு, அலமாரி, பின்கதவில் தொங்கும் இரண்டாவது ஸ்டெப்னி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. மூன்று வருஷத்துச் சேமிப்பு இரண்டே மாதத்தில் கரைந்தது. இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே சொன்னது போல் இருந்தது.

முன்புறம் பெரிய இரும்புக் குழாய்த் தடுப்பு ஒன்றையும் மாட்டச் சொல்லிப் பட்டறைப் பையன்கள் ஆசை காட்டினார்கள். அதை மட்டும் மறுத்துவிட்டோம். மோதலின்போது நடந்து செல்வோருக்கு அது எமனாகும். உள்ளே இருப்போரைக் காக்கும் காற்றுப் பைகள் உரிய நேரத்தில் விரியாமற் போகவும் கூடும். 2017-இல் மத்திய சர்க்கார் அதைத் தடுக்க உத்தரவிட்டதும் இதனால்தான். வண்டி செய்தவர் அமைத்த உருவத்தை நம் இஷ்டம் போல் நிரந்தரமாக மாற்றுவதையும் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-இல் அதை உறுதி செய்தது. கூண்டைப் பற்றவைக்காமல், கழற்றி மாட்டும்படி திருகாணியால் பூட்டுவித்தது நாம் செய்த ஒரே நல்ல காரியம். ஆனால் அதுவும் ஒரு முதிய மேஸ்திரியின் யோசனையே.

அந்த மேஸ்திரி நாற்பது வருஷமாக லாரி கட்டுபவர். நம் வண்டியை ஒரு முறை சுற்றிவந்து, "ஏனுங்க வாத்தியாரே, மலைக்கு யாத்திரை போறீங்களா, இல்லே வீட்டைக் காலி பண்ணிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். அனைத்தையும் ஏற்றியபின் வண்டியின் பின்புறம் கர்ப்பிணிப் பசுவைப் போல் தாழ்ந்து கிடந்தது. வேறொரு பட்டறையில் கமான் பட்டையில் இன்னொரு பட்டை சேர்த்தால் போதும் என்றார்கள். சேர்த்தோம். வண்டி நிமிர்ந்து நின்றது. நம் மனமும் நிமிர்ந்துவிட்டது. தவறு பட்டறையாருடையதன்று, நிமிர்த்தித் தரச் சொன்னவர்கள் நாம்.

சித்திரை மாத விடுமுறையில் ஒரு நாள் விடியுமுன் புறப்பட்டோம். நாம், இல்லாள், அன்னையார், பதினைந்து வயது மகன், பத்து வயது மகள் என ஐவர். காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து காரவள்ளியை அடைந்ததும் மலை எதிரே நிமிர்ந்தது. வளைவுக்கு வளைவு இலக்கம் எழுதிய பலகை உண்டாகையால், மகள் உரக்க எண்ணிக்கொண்டே வந்தாள். நெற்றியில் கை வைத்தபடி கண்ணை மூடியிருந்த அன்னையார், முப்பதாவது வளைவில் வீசிய குளிர்ந்த காற்றுக்குக் கண் திறந்தார். அறுபதாவது வளைவில், "அதோ தெரிகிறதே, அதுவா நம்ம ஊர்?" என்று கேட்டார். வண்டியைச் செலுத்தும் சக்கரம் கையில் கொஞ்சம் இலேசாகச் சுழல்வது போல் நமக்குத் தோன்றிற்று. அதைப் பெரிதாக எண்ணவில்லை.

மலை மேலே சோளக்காட்டுச் சந்தையையும், வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேட்டையும் கடந்து கோயிலுக்குச் சென்றோம். சந்நிதியில் அன்னையார் நின்ற நிலையை இங்கே விவரிக்கப் போவதில்லை; அது அவருக்கும் சுவாமிக்கும் உள்ள விஷயம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். நாமும் மகனும் மாத்திரம் இறங்கி, ஐயாறு பாறையிலிருந்து விழும் சாரலில் நனைந்து, முழங்கால் நடுங்கத் திரும்பினோம்.

இரவு தங்கியது தேவனூர் நாட்டில். வெளியூர் நேயர்களுக்கு இந்த 'நாடு' என்ற சொல் வியப்பளிக்கலாம். கொல்லிமலை முழுவதும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகவே பிரிந்திருக்கிறது. சில குடிசைகளும் ஓட்டு வீடுகளும் கூடிய 'பட்டி'கள் பல சேர்ந்தது ஒரு நாடு. இங்கே வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தாரென்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பேசும் மொழி நம் தமிழே. தேவனூர் நாட்டில் நம்மிடம் முன்பு படித்த மாணவன் ஒருவனின் குடும்பம் இருக்கிறது. காட்டிலாகாவுக்குச் சொந்தமான ஒதுக்குக் காடுகளில் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பது குற்றம். பட்டா நிலமாயினும் உடையவரைக் கேட்காமல் இறங்குவது மரியாதையன்று. ஆகவே அவர்களுடைய காட்டுக் கொட்டகையின் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினோம்.

அந்த இடத்தின் அழகைச் சொல்லி முடியாது. சவுக்கைப் போல் உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி தழுவி ஏறியிருந்தது. கீழே காப்பிச் செடி. பலா மரங்களில் அடி முதல் நுனி வரை காய். பள்ளத்தில் ஓடை நீரில் விளையும் நெல் வயல். அதற்கு மேலே சரிவெல்லாம் மரவள்ளி. ஒரு காலத்தில் அந்தச் சரிவுகள் சாமையும் தினையும் கேழ்வரகுமாக இருந்தவை. சமவெளியிலே ஜவ்வரிசி ஆலைகள் பெருகி, மரவள்ளிக்குக் காசு கிடைத்ததும் சிறுதானியம் சுருங்கிவிட்டது. அதை மீட்கும் பொருட்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் பாடுபட்டு வருகின்றனர். மாணவனின் தகப்பனார் தம் வீட்டுக்கென்று மட்டும் ஒரு துண்டு நிலத்தில் சாமை விதைப்பதாகச் சொன்னார். "காசுக்கு மரவள்ளிங்க ஐயா, வயித்துக்குச் சாமை" என்றார்.

இரவில்தான் நம் சௌகரியங்களின் சாயம் வெளுத்தது. கூரைக் கூடாரத்துக்கு ஏணியில் ஏற வேண்டும். அன்னையாரின் முழங்காலோ சமையலறைப் படியையே இரண்டு மூச்சில் ஏறுவது. யாருக்காக வண்டி வாங்கினோமோ அவர் ஏற முடியாத படுக்கையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோம்! அவர் வண்டியின் ஆசனத்திலேயே கால் மடக்கி இரவைக் கழித்தார். குளிர்பெட்டி உறுமிக்கொண்டு பாலைக் குளிர வைத்தது. வெளியே வைத்த செம்புத் தண்ணீரும் அதே குளிர்ச்சியாக இருந்தது. நூறு லிட்டர் தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்து வந்தோமே, பத்தடி தூரத்தில் பளிங்கு போன்ற கிணறு.

மறுநாள் பிற்பகல் இறங்கத் தொடங்கினோம். எஞ்சினின் இரைச்சல் அன்னையாரைத் துன்புறுத்தலாகாதென்று மூன்றாவது கியரிலேயே, பிரேக்கை மிதித்தும் விட்டுமாக இறங்கினோம். ஐம்பதாவது வளைவுக்கருகில் எங்கோ ரப்பர் கருகும் வாடை வந்தது. வேறு எவருடைய வண்டியோ என்றிருந்தோம். முப்பத்தோராவது வளைவை அணுகுகையில் பிரேக்கை மிதித்தால், கால் வெண்ணெயை மிதித்தது போல் உள்ளே சென்றது. வண்டியோ சென்றுகொண்டேயிருந்தது. எதிரே குட்டைச் சுவர், அதற்கப்பால் ஆகாயம். இரண்டாவது கியருக்கு எப்படித் தள்ளினோம், கைப் பிரேக்கை எப்போது இழுத்தோம் என்பதெல்லாம் ஞாபகமில்லை. மலைப் பக்கத்துக் கால்வாய் ஓரத்தில் உராய்ந்து வண்டி நின்றது. பின்னாலிருந்து ஒரு சப்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தோம். அன்னையாரின் உதடுகள் மாத்திரம் அசைந்துகொண்டிருந்தன; அவர் கை பேத்தியின் தோளை இறுகப் பற்றியிருந்தது.

மேலேறி வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கினார். சக்கரத்திலிருந்து புகை எழுவதைப் பார்த்துவிட்டு, "தண்ணி கிண்ணி ஊத்திராதீங்க சார், வெடிச்சிரும். ஒரு மணி நேரம் ஆறட்டும். ஏறுன கியர்லயேதான் எறங்கோணும்" என்று சொல்லி, நம் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போனார். ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து அடிவாரம் சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சேரும் வரையில் ஒன்றும் பேசாத இல்லாள், கதவைத் திறக்கும்போது, "சாமானுக்காகவா நாம மலைக்குப் போனோம்?" என்று ஒரே வார்த்தை கேட்டார்.

மறுநாள் மேஸ்திரியிடம் சென்றோம். அவர் பிரேக்கைப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் ஏத்தி, எல்லாரையும் உக்கார வெச்சு, எடை மேடைக்குக் கொண்டாங்க" என்றார். லாரி ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமா? சென்றோம். பதிவுப் புத்தகத்தில் வெறும் வண்டியின் எடை 1,850 கிலோ. ஆளும் சுமையும் சேர்ந்து இருக்கத்தக்க உச்ச எடை 2,350. அதாவது வண்டி சுமக்கக் கூடியது 500 கிலோ. அதில் நாம் ஐவரே 265. மேடை காட்டிய எடை 2,590! கூடுதலாக 240 கிலோ கனத்தை, நம் குடும்பத்தின் தலைக்குமேலும் முதுகுக்குப் பின்னும் கட்டிக்கொண்டு எழுபது வளைவுகள் இறங்கியிருக்கிறோம்.

மேஸ்திரி அத்துடன் விடவில்லை. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தச் சொன்னார். 1,070 கிலோ. வெறும் வண்டியில் முன் அச்சின் எடை 1,050. ஆக, புதிதாக ஏறிய 740 கிலோவில் 720 கிலோ பின் அச்சின் தலையிலேயே விழுந்திருக்கிறது. வருஷா வருஷம் பள்ளியில் நெம்புகோல் பாடம் நடத்துபவர் நாம். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் ஸ்டெப்னியும் தண்ணீரும் முன்புறத்தைத் தூக்கும் என்று பத்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவானே! சக்கரம் கையில் இலேசாகச் சுழன்றதன் இரகசியம் இதுதான். வண்டி பின்னால் தாழ்ந்து நின்றது, "என்னால் முடியவில்லை" என்று அது நமக்குச் சொன்ன வார்த்தை. அந்த வாயைத்தான் கூடுதல் பட்டை போட்டு அடைத்தோம். மேஸ்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பட்டை சேத்தா வண்டி நிமிரும் வாத்தியாரே, பிரேக் பெருசாகாது."

அன்றிரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்கிட்டோம். 2,590 கிலோ எடை ஏறக்குறைய 800 மீட்டர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தியை வெப்பமாக்கினால், சுமார் 70 லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அந்த வெப்பத்தில் பெரும் பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் சிறிய கியர். அப்படியின்றிக் காலாலேயே தடுத்தால் முழுவதும் உள்ளங்கையகலப் பிரேக் கட்டைகளில் இறங்குகிறது. பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரத்தை உறிஞ்சியிருந்தால் அந்த வெப்பத்தில் கொதித்து ஆவியாகும்; மிதித்த கால் வெண்ணெயில் புதைவது அதனால்தான். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே, பயமில்லை என்று நாம் நினைத்திருந்தோம். நான்கு சக்கர இயக்கம் சேற்றிலே இழுக்க உதவுமே அன்றி, இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது எல்லா வண்டிகளுக்கும் உள்ள அதே பிரேக்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்லாளின் தலைமையில் ஒரு வைபவம் நடந்தது. வண்டியிலிருந்த யாவற்றையும் முற்றத்தில் இறக்கினார். மலையில் பயன்பட்டது ஒரு பக்கம், படாதது மறு பக்கம். பயன்படாதவற்றின் குவியல் நம் மார்பளவு உயர்ந்தது. குளிர்பெட்டியும் அதன் பாட்டரியும் விலை போயின. கூரைக் கூடாரத்தை, ஏணியேற வல்ல ஓர் இளைஞர் பாதி விலைக்கு வாங்கிச் சென்றார். இரும்புக் கூண்டைக் கழற்றினோம். அதற்குப் பதிலாக மேஸ்திரி, லாரிக்குப் போடுவது போல், தொட்டியின் மேல் மூன்று குழாய் வளைவுகள் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்தினார்; 110 கிலோ இருந்த இடத்தில் 30. சேர்த்த கமான் பட்டையையும் கழற்றச் சொல்லிவிட்டார். "இனி தாழ்ந்தா கண்ணுக்குத் தெரியட்டும்" என்றார். பிரேக் கட்டைகள், எண்ணெய் யாவும் புதியவை. இதில் மட்டும் மலிவு பார்க்கவில்லை.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. அவற்றை அறையின் முதுகையொட்டி, தொட்டியின் தரையிலேயே, பின் அச்சுக்கு முன்னால் கட்டினோம். கனமானது தாழ்வாகவும் முன்னாகவும், இலேசானது மேலாகவும் பின்னாகவும் என்பது லாரிக்காரர் அறிந்த பழைய சாஸ்திரம். அடுப்பும் பாத்திரமும் மளிகையும் ஒரே மரப்பெட்டியில். அதன் மூடியே அரிவாள்மனைக்கு இடம். படுக்கைக்குப் பவானி ஜமக்காளம் இரண்டு. தரையில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் ஜமக்காளத்தைப் போட்டால் கல்லும் முள்ளும் தெரிவதில்லை. கரூர்க் கொசுவலை, சாதாரணக் கித்தான் கூடாரம். மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை, சக்கரத்துக்குக் கட்டை இரண்டு, காற்றடிக்கும் சிறு பம்பு, காற்றளவு பார்க்கும் கருவி ஆகியவற்றை விடவில்லை. ஸ்டெப்னி ஒன்றே போதும், அதிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்தால். நாற்பது மைல் சுற்றளவுக்குள் நெய்ததும் அடித்ததும் பற்றவைத்ததுமான சாமான்களே ஏறக்குறைய எல்லாம். விளம்பரப் படங்களில் கண்ட அயல்நாட்டுச் சரக்கில் நாம் செலவிட்டதில் கால் பங்குகூட ஆகவில்லை. மறுபடி எடை மேடை: 2,320. முப்பது கிலோ கையிருப்பு!

காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் மீண்டும் தேவனூர் நாட்டுக்குப் புறப்பட்டோம். அன்னையார் வருவாரோ என்று ஐயுற்றிருந்தோம். அவரோ முந்தின இரவே மூட்டை கட்டிவிட்டார். மூட்டையை மகள் தராசில் நிறுத்து, "அப்பத்தா, நாலு கிலோ" என்று அனுமதி தந்தாள். முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு மலைப் பாதையும் உண்டு. இல்லாள் அதைச் சிபாரிசு செய்தார். பயந்த வழியிலேயே ஏறியிறங்கினால்தான் பயம் தீரும் என்று முடிவு செய்தவர் அன்னையார்.

மலையில் மழை. மாணவனின் காட்டுக்குச் செல்லும் கடைசி இருநூறு கஜம் செம்மண் சேறாகக் கிடந்தது. பாதியில் பின் சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரியடித்தன. இறங்கிப் பார்த்து, டயர்களில் காற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி லோ கியரில் மெதுவாகச் செலுத்தினோம். யானைக்குட்டி போல் ஏறிவிட்டது. இத்தனை செலவும் யோசனையும் செய்து பெற்ற சாதனம் அந்த யாத்திரை முழுவதிலும் பயன்பட்டது அந்த ஐந்து நிமிஷமே. சேறு தாண்டியதும் அதை விடுவித்துவிட வேண்டும். உலர்ந்த தார் ரோட்டில் பூட்டியபடியே வளைத்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று பல்லிணைகள் ஒன்றையொன்று முறுக்கும். கொல்லிமலை ரோட்டில் எழுபது வளைவு அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்னையாருக்கு மாணவன் வீட்டுத் திண்ணையில் கட்டில். வீட்டுக்காரப் பாட்டியும் அவரும் நள்ளிரவு வரையில் பேசிய பேச்சுக் கூடாரத்தினுள் மழைச் சப்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது. ரோடு வராத நாளில் தம் மாமனார் காட்டுப் பலாவும் மிளகும் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்து இறங்குவாராம். திரும்புகையில் உப்பு, துணி, அரிவாள் மூன்றுதான் ஏறிவருமாம். "வேற என்னத்துக்குங்க? மத்ததெல்லாம் இங்கியே இருக்குதே" என்றார் அந்தப் பாட்டி. இல்லாள் இருட்டில் நம்மைப் பார்த்துச் சிரித்தாரென்றே நினைக்கிறோம்.

காலையில் சாமைச் சோறும் கீரைக் குழம்பும். சாப்பிட்ட வாழையிலை அவர்கள் மாட்டுக்கே போயிற்று. பிளாஸ்டிக் பைகளை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடுத்திருந்தும், ரோட்டோரத்தில் யாத்திரிகர் எறிந்தவை ஆங்காங்கே கிடந்தன. மகனும் மாணவனின் தம்பியும் வண்டிக்கருகில் அகப்பட்டவற்றைப் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினார்கள்.

புறப்படும் வேளையில் மாணவனின் தகப்பனார் மலைவாழைத் தார் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து தொட்டியில் வைத்தார். பின்னாலேயே பாட்டி ஒரு சாக்குச் சாமையோடு வந்தார். மறுப்பது மரியாதையன்று, ஏற்பதற்கோ நம் முப்பது கிலோக் கணக்கு இடம் தருமோ என்று விழித்தோம். மகள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணீர்க் கேன் ரெண்டும் காலி, அப்பா, நாற்பது கிலோ இறங்கிவிட்டது" என்றாள். கேன்கள் இருந்த இடத்தில், பின் அச்சுக்கு முன்னால், சாமை மூட்டையை வைத்துக் கட்டினோம். வாழைத் தார் அதன்மேல் அமர்ந்தது.

இம்முறை எழுபதாவது வளைவிலிருந்தே இரண்டாவது கியர். எஞ்சின் உறுமிற்று, அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதிப்படி மூன்று முறை ஒதுங்கி நின்றோம். முப்பத்தோராவது வளைவில் தாமாகவே நிறுத்தச் சொன்ன அன்னையார், கீழே இறங்கி, குட்டைச் சுவரருகே நின்று சமவெளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாள் சக்கரத்தின் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இட்லிச் சட்டி மூடி அளவுதான் சுடுகிறது" என்றார். பிறகு எல்லோரும் ஏறிக்கொண்டோம். மகள் முப்பதிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.